ரேஞ்சர்களின் காலை அறிக்கை: காட்டுத்தீ எண்களைப் படிப்பது எப்படி?

2025 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் வடக்கு விளிம்பில் மின்னல் விழுந்து காடு பற்றியது. அந்தத் தீக்கு டிராகன் பிராவோ என்று பெயர் வைத்தார்கள். முதல் ஒரு வாரம் அது சின்னத் தீதான். ஒரு எல்லையை வகுத்துக்கொண்டு, அதற்குள் எரியட்டும், தாண்டாமல் பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். அப்புறம் வடமேற்கிலிருந்து பலத்த காற்று கிளம்பியது. வகுத்த எல்லைகளைத் தீ தாண்டியது. 12-ஆம் தேதி இரவு விடிவதற்குள், 1937 முதல் அந்த விளிம்பில் நின்றிருந்த கிராண்ட் கேன்யன் லாட்ஜ் என்ற புகழ்பெற்ற விடுதியும், அதைச் சுற்றியிருந்த ஏராளமான கட்டடங்களும் சாம்பலாயின. ஆட்களை முன்பே வெளியேற்றியிருந்ததால் அந்த இரவில் உயிர்ச்சேதம் இல்லை. தீ முழுதும் அடங்கியது செப்டம்பர் கடைசியில்தான். அதற்குள் எரிந்தது சுமார் 1,45,000 ஏக்கர்.

அந்த மூன்று மாதமும் தினமும் செய்தி வந்துகொண்டிருந்தது: இத்தனை ஏக்கர், இத்தனை சதவீதம் கட்டுக்குள், இத்தனை வீரர்கள், ரெட் ஃப்ளாக் எச்சரிக்கை. கேட்பவர்களுக்கு ஏக்கர் மட்டும் மனதில் நிற்கும். மற்றவை காதில் விழுந்து போய்விடும். உண்மையில் ஏக்கர் கணக்கு அந்த வரிசையிலேயே குறைவாகச் செய்தி சொல்லும் எண். மீதி எண்களுக்கு என்ன பொருள், அவற்றை எடுப்பவர்கள் யார், எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்பதை இங்கே முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில், ரேஞ்சர் யார்? அமெரிக்காவில் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் 1872-இல் உருவானது. பூங்காக்களை நிர்வகிக்கும் தேசியப் பூங்காச் சேவை 1916-இல்தான் வந்தது. இடையில், 1886 முதல், யெல்லோஸ்டோனைப் பாதுகாத்தது ராணுவம். குதிரைப்படை வந்து இறங்கிய அந்தக் கோடையிலேயே பூங்காவில் தீ எரிந்துகொண்டிருந்தது; வீரர்கள் அணைக்கப் போனார்கள். ஆக, பூங்காவைக் காப்பதும் தீயை எதிர்கொள்வதும் தொடக்கத்திலேயே ஒரே வேலையாகத்தான் இருந்தன. இன்று பூங்காச் சேவையின் கீழ் 400-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் ஊழியர்கள்தான் ரேஞ்சர்கள். அவர்களில் சிலர் பார்வையாளர்களுக்கு இயற்கையையும் வரலாற்றையும் விளக்குபவர்கள். சிலர் துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் உள்ள சட்டப் பாதுகாப்பு ரேஞ்சர்கள். பலருக்கு முதலுதவி, மீட்புப் பணி என்று கூடுதல் பயிற்சி உண்டு.

பூங்காச் சேவை பல ஆண்டுகள் 'மார்னிங் ரிப்போர்ட்' என்ற தினசரி அறிக்கையைத் தயாரித்து வந்தது. நாடு முழுக்க ரேஞ்சர்கள் கையாண்ட சம்பவங்கள் ஒரு பக்கம். நாட்டின் காட்டுத்தீ நிலவரம் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் ஒரு பலன் இருக்கிறது. மலையில் காணாமல் போனவரைத் தேடுவதும், ஆற்றில் விழுந்தவரைத் தூக்குவதும், தீக்களத்துக்குப் போவதும் பெரும்பாலும் ஒரே ஆள்பலத்திலிருந்துதான் என்பது அப்போதுதான் புரியும்.

சம்பவங்கள் எப்படிப்பட்டவை? யெல்லோஸ்டோனில் காட்டெருமை முட்டிக் காயப்பட்டவர்கள். விதி தெளிவாகவே இருக்கிறது: காட்டெருமையிடமிருந்து 23 மீட்டர், கரடியிடமும் ஓநாயிடமும் இருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். புகைப்பட ஆசையில் ஆண்டுதோறும் யாராவது மீறுகிறார்கள். அதே பூங்காவின் கொதிநீர் ஊற்றுகளில் வெந்து இறந்தவர்கள் இதுவரை 20 பேருக்கு மேல். பல பூங்காக்களில் செங்குத்துப் பாறையிலிருந்து விழுபவர்கள், நீரில் மூழ்குபவர்கள் கணக்கு தனி.

கிராண்ட் கேன்யனில் பெரிய சிக்கல் வெயில். மேலே விளிம்பில் இதமாக இருக்கும். இறங்க இறங்கச் சூடு ஏறும். கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மற்ற மலைகளில் ஏறிக் களைத்தால் இறங்கிவிடலாம். இங்கே களைப்பு தெரியும்போது முழு ஏற்றமும் மிச்சம் இருக்கும். தண்ணீர் குடிக்காமல் மயங்குபவர்கள் இருக்கிறார்கள். உப்புள்ள எதையும் சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடந்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து, குழம்பி, வலிப்பு வரை போகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் 1997 முதல் அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது: ரேஞ்சர்களும் தன்னார்வலர்களும் நடைபாதையின் மேல்பகுதியிலேயே நின்று, இறங்குகிறவர்களை நிறுத்தி, எங்கே போகிறீர்கள், என்ன சாப்பிட வைத்திருக்கிறீர்கள், காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலில் நடக்காமல் இருக்க முடியுமா என்று கேட்பார்கள். மீட்புப் பணியில் இதைவிட மேலான வேலை இல்லை என்பது என் எண்ணம். இந்த உரையாடலால் தப்பித்தவர்கள் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

சரி, தீக்கு வருவோம்.

தீக்களத்தில் வேலை செய்ய யூனிஃபார்ம் மட்டும் போதாது. பயிற்சி முடித்துத் தகுதி அட்டை வாங்க வேண்டும். கடினமான களப்பணிக்கு உடல் தேர்வு உண்டு: 20 கிலோ சுமையை முதுகில் சுமந்து 4.8 கிலோமீட்டரை 45 நிமிடத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். ஓடக் கூடாது, நடைதான். தேறியவர்களை நாட்டின் எந்த மூலைக்கும் அழைக்கலாம். அப்படி அழைத்து அனுப்பும் வேலைக்கு மையம், ஐடஹோ மாநிலம் பாய்சி நகரில் இருக்கும் தேசியக் கூட்டுத் தீ மையம். 1965-இல் தொடங்கியது. பூங்காச் சேவை, வனத்துறை, நில நிர்வாகத் துறை, வானிலைத் துறை எல்லாம் அங்கே ஒன்றாக இயங்குகின்றன. தீக்காலத்தில் தினமும் நாடு தழுவிய நிலவர அறிக்கை அங்கிருந்துதான் வருகிறது.

அந்த அறிக்கையின் தலைப்பிலேயே ஒரு எண் இருக்கும்: தேசிய ஆயத்த நிலை, 1 முதல் 5 வரை. புதிதாகப் படிப்பவர்கள் இதைத் தீயின் ஆபத்து அளவு என்று எடுத்துக்கொள்வார்கள். இது அதைவிட, கையிருப்பின் அளவு. எத்தனை குழுக்கள், எத்தனை ஹெலிகாப்டர்கள், எத்தனை விமானங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன என்பதைச் சொல்வது. நிலை 1 என்றால் கேட்டால் கிடைக்கும். நிலை 5 என்றால் பெரும்பாலானவை ஏற்கெனவே களத்தில். புதிதாகக் கேட்பவர் வரிசையில் காத்திருக்க வேண்டும். அப்போது ராணுவத்திடமும் கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிடமும் உதவி கேட்பார்கள். 2021-இல் ஜூலை 14-ஆம் தேதியே நிலை 5 வந்துவிட்டது. நிலை 5-இல் இருக்கும்போது உங்கள் பூங்காவில் 50 ஏக்கர் தீ பிடித்தால், நிலை 1-இல் அதே தீக்கு வரும் ஆட்கள் வர மாட்டார்கள். சின்னத் தீ பெரிதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து ஏக்கர். 10,000 ஏக்கர் என்றால் அவ்வளவும் கரிந்து கிடக்கிறது என்று பொருள் இல்லை. அது தீயின் வெளிவிளிம்புக்குள் அடங்கிய பரப்பு. உள்ளே சில இடத்தில் தரைச் சருகு மட்டும் எரிந்திருக்கும், சில இடத்தில் மர உச்சி வரை போயிருக்கும், சில இடத்தைத் தீ தொட்டிருக்கவே செய்யாது. 1988-இல் யெல்லோஸ்டோனில் தீ பாதித்தது 7,93,880 ஏக்கர், பூங்காவின் 36 சதவீதம். அந்தப் பரப்புக்குள்ளும் பச்சையும் கருப்பும் திட்டுத் திட்டாகத்தான் கிடந்தன.

இப்போது எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் எண்: 'கட்டுக்குள் 30 சதவீதம்'. தீயில் 30 சதவீதத்தை அணைத்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அணைப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தீயின் சுற்றளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை பங்கை ஒட்டி, தீ தாண்டாது என்று நம்பக்கூடிய தடுப்பு இருக்கிறதோ அதுதான் அந்தச் சதவீதம். உள்ளே கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும்போதும் 100 சதவீதம் கட்டுக்குள் இருக்கலாம். மாறாக, யாரும் எட்ட முடியாத பாறைச் சரிவில் மெல்லப் புகைந்துகொண்டிருக்கும் தீ, யாருக்கும் கெடுதல் இல்லாமலே வாரக்கணக்கில் 0 சதவீதத்தில் நிற்கலாம்.

அந்தத் தடுப்பை எப்படிப் போடுகிறார்கள்? ஆறு, பாறை, சாலை இருந்தால் அதுவே தடுப்பு. இல்லாத இடத்தில் மனிதர்கள் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். வழக்கமாக 20 பேர் கொண்ட குழு. முன்னால் சங்கிலி ரம்பக்காரர்கள் செடி, கிளை, சிறு மரங்களை அறுத்துத் தள்ளிக்கொண்டே போவார்கள். பின்னால் வருபவர்கள் கையில் புலாஸ்கி: ஒரே காம்பில் ஒருபுறம் கோடரி, மறுபுறம் மண்வெட்டிபோலக் கொத்தும் அலகு. 1910-இல் ஐடஹோ, மொன்டானா மலைகளில் இரண்டு நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கரை எரித்த பெருந்தீயில், தன் ஆட்களைச் சுரங்கம் ஒன்றுக்குள் கொண்டுபோய்ப் பெரும்பாலானோரைக் காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற வன ரேஞ்சரின் பெயர் அதற்கு. சருகு, வேர், மக்கு எல்லாவற்றையும் வழித்து, எரிய எதுவுமில்லாத வெறும் மண் தெரியும்வரை கொத்துவார்கள். அந்த மண் பட்டைதான் கோடு.

கோடு போட்டாலும் வேலை முடியாது. ஓரத்தில் புதைந்த நெருப்பு ஒரு வேர் வழியாகக் கோட்டுக்கு அடியில் ஊர்ந்து மறுபுறம் எழலாம். அதனால் தீ போன பிறகு வரிசையாக மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள். சூடு தட்டினால் கிளறி, நீர் ஊற்றி, மறுபடி தொட்டுப் பார்ப்பார்கள். விமானம் சிவப்புத் திரவம் கொட்டும் காட்சிதான் தொலைக்காட்சியில் வரும். அந்தத் திரவம் தீயின் வேகத்தைக் குறைக்கும். அணைப்பது பெரும்பாலும் இந்தக் கைகள்தான். சதவீதம் மெதுவாக ஏறுகிறதே என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்த வேலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தேசியப் பூங்காவில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. காடு அழியாமல் காக்கப் போய் காட்டைப் புண்ணாக்கக் கூடாது என்பதால் புல்டோசரை எளிதில் இறக்க மாட்டார்கள். பூங்காத் தலைவரின் அனுமதி வேண்டும். விமானத் திரவத்தை நீர்நிலைகளுக்கு 300 அடிக்குள் கொட்டக் கூடாது என்பது பொது விதி. தீ முடிந்ததும் வெட்டிய கோட்டை மூடி, கிளைகளைப் பரப்பி, மழைநீர் அதன் வழியே மண்ணை அரித்துப் போகாதபடி சரிசெய்துவிட்டுத்தான் குழு கிளம்பும்.

தீ எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எரிய இருப்பது என்ன, வானிலை எப்படி, நிலத்தின் சரிவு எப்படி. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும். வெப்பம் மேலே எழுந்து, மேலே இருப்பதை முன்கூட்டியே காயவைத்துவிடும். எரிபொருளைப் பொறுத்தவரை, விறகடுப்பு மூட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சருகு, பிறகு சுள்ளி, பிறகுதான் கட்டை. தீ நிபுணர்கள் அதையே அளந்து வைத்திருக்கிறார்கள். கால் அங்குலத்துக்கும் மெல்லிய புல், சருகு எல்லாம் 1 மணி நேர எரிபொருள். காற்றின் ஈரம் மாறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதுவும் மாறிவிடும். ஒரு அங்குலம் வரை 10 மணி நேரம், மூன்று அங்குலம் வரை 100 மணி நேரம், மூன்று முதல் எட்டு அங்குலக் கட்டைகள் 1000 மணி நேரம், அதாவது ஆறு வாரம். காலையில் ஒரு தூறல் போட்டாலும் பிற்பகலில் புல் பற்றிக்கொள்வதும், வறண்ட கோடைக்குப் பிறகு ஒரு நாள் மழை பெய்தும் பெருங்கட்டைகள் எரிந்துகொண்டே இருப்பதும் இதனால்தான். 1000 மணி நேரக் கட்டைகள் காய்ந்துவிட்டன என்று ரேஞ்சர் சொன்னால், அந்தப் பருவம் முழுக்கக் கஷ்டம்தான் என்று அர்த்தம்.

ரெட் ஃப்ளாக் எச்சரிக்கையைத் தேசிய வானிலைச் சேவை கொடுக்கிறது. காய்ந்த காடு, குறைந்த ஈரப்பதம், பலத்த காற்று மூன்றும் ஒன்றுசேரும்போது. வரம்புகள் இடத்துக்கு இடம் மாறும். இந்த எச்சரிக்கை புதிதாகத் தீ பிடிக்கும் என்று சொல்வதில்லை. பிடித்தால், ஏற்கெனவே பிடித்திருந்தால், கைமீறும் என்கிறது. ஆகவே 200 ஏக்கர், 0 சதவீதம், மேலே ரெட் ஃப்ளாக் என்ற செய்தி, 20,000 ஏக்கர், 85 சதவீதம், மழை வரும் என்ற செய்தியைவிட ஆபத்தானது. டிராகன் பிராவோவின் முதல் வாரத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் புரியும்.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும். மின்னல் தீயை முதல் நாளே அணைத்திருக்கலாமே?

அணைத்துக்கொண்டேதான் இருந்தார்கள், பல பத்தாண்டுகளாக. எந்தத் தீயும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடங்க வேண்டும் என்று அமெரிக்க வனத்துறை 1935-இல் விதியே போட்டது. பூங்காக்களும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போயின. விளைவு கலிபோர்னியாவின் செக்கோயா மரங்களில் தெரிந்தது. கன அளவில் உலகின் மிகப் பெரிய மரங்கள் அவை. பட்டை இரண்டு அடி வரை தடிமன். அவற்றின் காய்கள் தீயின் சூட்டில்தான் பெருமளவில் திறந்து விதை உதிர்க்கும். விதை முளைக்க வெறும் மண்ணும் வெயிலும் வேண்டும். தீயே இல்லாமல் போனதும் கன்றுகள் அற்றுப்போயின. அடியில் வேறு மரங்களும் சருகும் அடைந்தன. 1963-இல் நிபுணர் குழு ஒன்று இதைச் சுட்டிக்காட்டியது. 1968-இல் பூங்காச் சேவை கொள்கையை மாற்றியது: தகுந்த இடத்தில் மின்னல் தீயை எரியவிடலாம், தகுந்த காலத்தில் தாங்களே திட்டமிட்டுத் தீ வைக்கலாம்.

1988-இல் யெல்லோஸ்டோன் எரிந்தபோது இந்தக் கொள்கையைத்தான் எல்லோரும் திட்டினார்கள். உண்மை அவ்வளவு எளிதல்ல. அந்தக் கோடை பூங்கா பதிவு செய்தவற்றிலேயே மிக வறண்டது. ஜூலை 21-ஆம் தேதியே எல்லாத் தீயையும் அணைக்க முடிவாகிவிட்டது. மறுநாள் பூங்காவுக்கு வெளியே விறகு வெட்டியவர் ஒருவர் போட்ட சிகரெட்டிலிருந்து கிளம்பியது நார்த் ஃபோர்க் தீ. முதல் நாளிலிருந்தே அணைக்கப் போராடினார்கள்; முடியவில்லை. ஆகஸ்ட் 20 அன்று, அந்தப் பகுதியின் எல்லாத் தீயையும் சேர்த்து, ஒரே நாளில் 1,50,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. செப்டம்பர் 7 அன்று நார்த் ஃபோர்க் தீ ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் அருகே வந்தது. அங்கிருந்த பழைய மரக்கட்டட விடுதியைப் பெரும்பாடு பட்டுக் காப்பாற்றினார்கள். மொத்தம் 25,000 பேர் உழைத்தார்கள், 12 கோடி டாலர் செலவானது. தீயின் வேகத்தை உடைத்தது செப்டம்பர் 11-இல் வந்த கால் அங்குல மழையும் பனியும்தான். பின்னால், சூட்டில் பிசின் உருகி விதை உதிர்க்கும் லாட்ஜ்போல் பைன் அதே மண்ணில் அடர்ந்து முளைத்தது.

திட்டமிட்ட தீயும் தவறலாம். 2000 மே 4 அன்று நியூ மெக்ஸிகோவில் பாண்டலியர் பூங்காப் பகுதியில் ரேஞ்சர்களே வைத்த தீ கைமீறி, லாஸ் அலமாஸ் ஊரில் 400-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகளை எரித்தது. அந்த மக்களின் கோபத்துக்கு எந்தச் சூழலியல் விளக்கமும் பதிலாகாது. இருந்தும், தீயே கூடாது என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளில் உலகின் பெரிய செக்கோயா மரங்களில் 13 முதல் 19 சதவீதம் வரை மடிந்தன. ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டு தீயைத் தாங்கிய மரங்கள், சேர்ந்து கிடந்த எரிபொருளின் சூட்டைத் தாங்கவில்லை. செக்கோயாக்களில் மிகப் பெரியதான ஜெனரல் ஷெர்மன் மரத்தின் அடியை அலுமினியப் போர்வையால் சுற்ற வேண்டி வந்தது 2021-இல்தான். மறு ஆண்டு ஜூலையில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், மாரிபோசா என்ற செக்கோயாத் தோப்பருகே வாஷ்பர்ன் தீ வந்தபோது நிலைமை வேறு. அந்தத் தோப்பில் பல பத்தாண்டுகளாகத் திட்டமிட்ட தீ வைத்துச் சருகைக் குறைத்திருந்தார்கள். தீ உள்ளே நுழைந்ததும் தணிந்தது. பெயர்பெற்ற பெரிய மரங்கள் தப்பின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எனக்கு, ஆபத்து தெரிந்தும் ரேஞ்சர்கள் ஏன் இந்த வழியை விடுவதில்லை என்பதில் குழப்பம் இல்லை.

இவ்வளவு துறைகளும் ஆட்களும் சேரும்போது யார் சொல்வதை யார் கேட்பது? 1970 இலையுதிர் காலத்தில் கலிபோர்னியாவில் 13 நாள் தீயில் 16 பேர் இறந்தார்கள், 700 கட்டடங்கள் போயின. துறைக்குத் துறை வானொலி அலைவரிசையும் சொற்களும் வேறாக இருந்தது பெரும் இடைஞ்சல். அதிலிருந்து பிறந்ததுதான் சம்பவக் கட்டளை முறை: யார் எந்தத் துறையிலிருந்து வந்தாலும், களத்தில் ஒரு தளபதி, ஒரே சொற்கள், ஒரே அமைப்பு. இன்று பூங்காவில் பெரிய தேடுதல் வேட்டைக்கும் வெள்ளத்துக்கும் அதே முறைதான்.

கலிபோர்னியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம் பெற்றோர்களில் பலர் யோசெமிட்டி பார்க்காமல் திரும்புவதில்லை. போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பூங்காவின் அதிகாரபூர்வ இணையப் பக்கத்தில் எச்சரிக்கைகள் முதலில் இருக்கும். புறப்படும் காலையிலும் பாருங்கள். தீ தொலைவில் இருந்தாலும் புகை பள்ளத்தாக்கில் தங்கும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு அது போதும் தொல்லை தர. வழி மூடியிருந்தால் அடுத்த பக்கமாக நுழையப் பார்க்காதீர்கள். மீட்க வரும் ரேஞ்சர், தீயை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அமெரிக்காவின் காட்டுத்தீக்களில் சுமார் 85 சதவீதம் மனிதர்களால் தொடங்குபவை. முகாமில் அடுப்பு மூட்டினால், அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, குச்சியால் நன்றாகக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். பிறகு புறங்கையை அருகில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் தண்ணீர் வேண்டும்.